கரடி அடைத்த கைமாற்று

கரடிக்கு உயிர் தேன் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. இந்தப் பெரும்பிழையைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது தகாது. கரடிக்கு உயிர் இலுப்பை. அதிலும் எண்கன் என்ற கரடிக்கு இலுப்பைதான் எல்லாம். காட்டிலேயே பெரிய எண்ணெய்ச் செக்கு அவனுடையது.

இலுப்பைக்கொட்டை ஆனியில்தான் உதிரும். சித்திரையிலேயே எண்கனின் கையிருப்பு தீர்ந்துவிடும். செக்கு நிற்கக் கூடாதே! முதல் வருஷம் முள்ளம்பன்றியிடம் ஒரு கூடை கைமாற்று வாங்கினான். மறுவருஷம் அணிலிடமும் முயலிடமும் வாங்கினான். மழை பொய்த்த வருஷம் காட்டில் அவன் கூடை நீட்டாத வளையே இல்லை.

கொடுத்தவர்கள் சாயங்காலமானால் செக்கடிக்கு வந்துவிடுவார்கள். ஆளுக்கொரு கல்லில் உட்காருவார்கள்.

"என்ன அண்ணே, என் கூடை ஞாபகம் இருக்கா?" என்பான் அணில்.

"இருக்கு, இருக்கு. ஆடி பிறக்கட்டும்."

"போன ஆடியா, வர்ற ஆடியா?" என்பாள் முள்ளம்பன்றி.

எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு கூடையை மறந்துவிட்டு இருட்டும்வரை ஊர்க்கதை பேசுவார்கள். எண்கனுக்கு மட்டும் உள்ளுக்குள் குமையும். இவ்வளவு பெரிய செக்கை வைத்துக்கொண்டு அணிலுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. கைமாற்றைத் திருப்பும்போது ஒரு பிடி குறைத்துத்தான் கொடுப்பார்கள். நமக்குள் போக்குவரத்து இன்னும் இருக்கிறது என்பதற்கு அந்தப் பிடி அடையாளம்.

ஒரு வருஷம் இலுப்பை மரங்கள் அள்ளிக் கொடுத்தன. எண்கன் வளைவளையாகப் போய் எல்லாக் கூடைகளையும் நிரப்பினான். ஒரு கொட்டை குறையவில்லை. முந்தைய வருஷங்களில் நின்ற பிடிகளையும் நினைவு வைத்துச் சேர்த்துப் போட்டான்.

முள்ளம்பன்றி தன் கூடையைப் பார்த்தாள். "முழுசா இருக்கே, அண்ணே."

"முழுசாத்தான். இனி யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை."

"சரிங்க" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் செக்கடிக்கு யாரும் வரவில்லை. அப்பாடா என்று எண்கன் காலை நீட்டிக்கொண்டான். மறுநாளும் வரவில்லை. ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. செக்கு முனகும் சத்தம்தான் துணை. ஒருநாள் அவனே, "போன ஆடியா, வர்ற ஆடியா?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

விடிந்ததும் வெறுங்கூடையோடு முள்ளம்பன்றியின் வளைக்குப் போனான்.

"தங்கச்சி, ஒரு கூடை கைமாற்று வேணும்."

"உங்ககிட்டயே மலையாக் குவிஞ்சு கிடக்கே. எதுக்குங்க?"

எண்கன் கூடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"சும்மாதான்."

"முடிஞ்ச கணக்கை எதுக்குங்க சும்மா திறக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கொடுக்கல் வாங்கலை ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் துடைப்பவன், உறவையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறான்.

ஐப்பசி மழைக்குப் பிறகு செக்கடிக் கற்களில் பாசி பிடித்திருந்தது.