அடியில்லாத கூடு

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், செம்மணல் மேடான தேரிக்காட்டு ஓரமாக ஒரு கிணறு இருந்தது. அதன்மேல் சாய்ந்து நின்ற பனையில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. கூடு கட்டுவது ஆண். உள்ளே இருப்பது பெண்ணும் குஞ்சுகளும். கட்டியவனுக்கு மழையானாலும் வெயிலானாலும் வெளியே ஓலைதான். இது என்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள், முட்டை போடுகிறவளிடம் போய்க் கேளுங்கள்.

அப்போதெல்லாம் அந்தப் பனையில் பாதிக்கூடு என்று ஒன்று கிடையாது. தொடங்கினால் முடித்தே ஆகவேண்டும். பாதியில் விட்டவனைக் கேலி பேசியே பனையை விட்டு விரட்டிவிடுவார்கள்.

அந்த வருடம் ஆடிக்காற்று போட்டு உலுக்கியது. ஒரு மத்தியானம் கருக்கன் என்பவனுடைய கூடு மட்டும் அறுந்து, மூன்று முட்டைகளோடு கிணற்றுக்குள் விழுந்தது. அவன் மனைவி வடிவு இரை தேடப் போயிருந்ததால் பிழைத்தாள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் எழுந்து கம்பங்கொல்லைக்குப் போனாள். கருக்கன் அழவில்லை. தின்னவும் இல்லை. அறுந்த இடத்துக்குப் பக்கத்து மட்டையில், கிணற்றைப் பார்த்தபடி உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான்.

ஆளாளுக்கு வந்து முகத்துக்கு நேரே நின்றார்கள். "என்னலே, ஏன் இப்படி இருக்க? வாயத் தொறந்து சொன்னாத்தானே தெரியும்" என்றார்கள். கேட்கக் கேட்க அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் வடிவு, கருக்கனின் கூட்டாளி சுடலையிடம் போனாள். "அண்ணாச்சி, அவுக ஒரு மணி கம்பு தின்னு அஞ்சு நாளாச்சு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. முட்டைதான் போச்சு, இவுகளும் போயிருவாகளோன்னு பயமா இருக்கு."

சுடலை அப்போது தன் மனைவிக்காக ஒரு கூடு கட்டிக்கொண்டிருந்தான். மேல்கூரை முடிந்து, நடுவில் குறுக்கே ஒரு வடமும் பின்னியாகிவிட்டது. அடிப்பக்கம் திறந்தே கிடந்தது. சுடலைக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சொல்லப்போனால் அவனுக்கு எதுவுமே சொல்லத் தெரியாது, கூடு கட்டத்தான் தெரியும். "பாக்குதேன் தங்கச்சி" என்றான்.

அன்று மத்தியானம் சாரல் பிடித்தது. "ஏலே கருக்கா, நனையாத. இங்க வந்து ஒதுங்கு" என்று சுடலை கூப்பிட்டான். கருக்கன் வந்தான்.

அந்தக் குறுக்கு வடத்தில் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். இடம் அவ்வளவுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வழியில்லை, இரண்டு பேருக்கும் முன்னால் மழைதான். சுடலை எதுவும் கேட்கவில்லை. இந்த வருசம் கம்பு சரியாகப் பால் பிடிக்கவில்லை என்றான். பிறகு சும்மா இருந்தான். தலைக்கு மேலே பிரிந்திருந்த ஒரு நாரைச் செருகினான். மறுபடியும் சும்மா இருந்தான்.

மழை பாதி ஓய்ந்தபோது கருக்கன், மழையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான். "முதல் முடிச்சுக்கு நான் காஞ்ச நாரைப் போட்டுட்டேன்லே. பச்சை நாருக்கு வாய்க்கால் வரைக்கும் போகணும். அன்னைக்குச் சோம்பலா இருந்துச்சு. வடிவு உள்ள இருந்திருந்தா அவளும் போயிருப்பா. இத அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

சுடலை மேலே இன்னொரு நாரைச் செருகினான். "நானும் போட்டிருக்கேன்" என்றான் பிறகு. "போன வருசம். எனக்குக் காத்து வரல. அவ்வளவுதான்."

கருக்கன் அழுதான். அந்த ஐந்து நாள் அழுகையையும் சேர்த்து அழுதான். சுடலை திரும்பிப் பார்க்கவில்லை. தோளை மட்டும் விலக்காமல் வைத்துக்கொண்டான். அழுது முடிந்ததும் கருக்கன், "பசிக்குலே" என்றான். சுடலைக்கு அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் கருக்கன் எல்லாவற்றையும் வடிவிடம் சொன்னான். "கோவம் வருது. வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா அஞ்சு நாளா நான் பட்ட பயத்துக்கு இது எவ்வளவோ தேவலை. நாளைக்கு வாய்க்காலுக்குப் போவோம். நானும் வாரேன், நாரு பச்சையா இருக்கான்னு பாக்க."

மறுநாள் காலையில் சுடலை அடிப்பக்கத்தை மூட, அலகில் நாரோடு வந்தான். கூட்டுக்குள் வேறு இரண்டு பேர் தோளொட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் போன மாதம் தன் குஞ்சைக் காக்கையிடம் பறிகொடுத்தவன். அவன்தான் பேசிக்கொண்டிருந்தான். சுடலை சற்று நேரம் பார்த்தான். பிறகு அலகிலிருந்த நாரைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டான்.

"பாதியில விட்டா பனையே சிரிக்குமே. நான் எங்க முட்டையிட?" என்றாள் அவன் மனைவி.

"உனக்கு வேற கட்டுதேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவனுக்கும் ஒரு நாள் இந்த இடம் வேணும்" என்றான் சுடலை.

யாரும் சிரிக்கவில்லை.

முழுக்கூடுகளுக்கு நடுவே அடியில்லாத கூடு ஒன்றிரண்டு தொங்குகிற வழக்கம் அன்றைக்குத் தொடங்கியதுதான். கட்டத் தெரியாமல் விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சாரல் நாளில் அண்ணாந்து பாருங்கள்; உள்ளே இரண்டு பேர், ஒரே பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள்.