ஊரை நிறுத்திய நாய்ச்சங்கிலி

மருங்கூரை ஆண்ட செண்பக பூபதியை எதிரிகள் யாரும் அசைத்ததில்லை. அவருடைய வேட்டை நாய் இடியன்தான் தினமும் அசைத்துக்கொண்டிருந்தான்.

கன்றுக்குட்டி உயரம் இருப்பான் இடியன். காலையில் அரசர் அவனை உலாத்த அழைத்துப் போவதாகப் பேர். உண்மையில் இழுபட்டுப் போவது அரசர்தான். ஒருநாள் பக்கத்து நாட்டு அரசர் விருந்துக்கு வந்திருந்தபோது இடியன் ஒரு பூனையைப் பார்த்துவிட்டான். குயவர் தெருப் பானைகள் நொறுங்க ஒரே பாய்ச்சல்! அரசர் குளத்துச் சேற்றில் கிடந்தார். கிரீடம் வேலியில் தொங்கியது.

"எங்கள் ஊரில் அரசர்தான் நாயை நடத்துவார்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் விருந்தாளி. "மூன்று வாரம் கழித்துத் தேர்த்திருவிழாவுக்கு வருவேன். மறுபடி பார்க்க வேண்டும்!"

மறுநாள் சபையில் அரசர் கர்ஜித்தார். "திருவிழாவுக்குள் இவன் என் பக்கத்தில் சாதுவாக நடக்க வேண்டும். சங்கிலி மாலை மாதிரித் தொய்ந்து தொங்க வேண்டும். அடிக்கக்கூடாது, பட்டினி போடக்கூடாது. யாரால் முடியும்?"

தளபதி வல்லக்கோனுக்கு அரசவைப் புலவர் குழைக்காதரைக் கண்டாலே ஆகாது. "நம் புலவரால் முடியும் மகாராஜா! தோற்றால் அதே சங்கிலியை அவர் கழுத்தில் மாட்டி ஊர்வலம் விடலாம்."

"பலே!" என்றார் அரசர்.

நாயைக் கண்டால் எதிர்த்தெருவுக்கு ஓடுகிறவர் குழைக்காதர். ஆனாலும் குரல் நடுங்காமல் கேட்டார். "எனக்கு ஒரே ஓர் ஆணை வேண்டும். சங்கிலி இறுகினால் நான் சங்கு ஊதுவேன். ஊரே அப்படியே நிற்க வேண்டும். தளர்ந்த பிறகுதான் அசையலாம்."

"ஊரே என்றால், நானுமா?"

"தாங்கள்தான் முதலில்."

முரசு அறைந்தார்கள். மறுநாள் இடியன் ஒரு கோழியைப் பார்த்து இழுத்தான். சங்கு முழங்கியது. அரசர் நின்றார். மோர் ஊற்றியவள் சாய்த்த பானையோடு நிற்க, மோர் தெருவில் ஓடியது. வல்லக்கோனின் பாதி மீசையோடு நாவிதர் கத்தி நின்றது. இடியன் குழம்பிப்போய்த் திரும்பிப் பார்த்தான். ஓரடி பின்னால் வந்தான். சங்கிலி தொய்ந்தது. ஊர் நடந்தது. மறுபடி இழுத்தான். ஊர் நின்றது.

அன்று அரண்மனை வாசலிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்ச்சேரவே மத்தியானம் ஆகிவிட்டது.

திருவிழா வந்தது. விருந்தாளி அரசரும் வந்தார். இடியன் அரசர் பக்கத்தில் புதுமாப்பிள்ளை போல் நடந்தான். வல்லக்கோன் ரகசியமாக ஓர் ஆட்டுத்தொடையை உருட்டிவிட்டான். இடியன் எச்சில் விழுங்கினான், இழுக்கவில்லை.

திடீரென்று சங்கிலி விண்ணென்று இறுகியது!

குழைக்காதர் சங்கு ஊதினார். தேர்வடம் பிடித்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். "தோற்றார் புலவர்!" என்று கத்தினான் வல்லக்கோன்.

"நாயைப் பாருங்கள்" என்றார் குழைக்காதர்.

இடியன் சாதுவாக உட்கார்ந்திருந்தான். சங்கிலியின் மறுமுனையில் அரசர், மூக்கை நீட்டியபடி, சூடான அதிரசக் கடையை நோக்கிச் சாய்ந்து நின்றார். விருந்தாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

அரசர் சிவந்த முகத்தோடு ஓரடி பின்வாங்கினார். "என்னய்யா இது? பயிற்சிக்கு இருபது நாள் எடுத்துக்கொண்டும் இப்படியா?"

குழைக்காதர் பணிவாகக் கும்பிட்டார். "இடியன் மூன்றே நாளில் கற்றுக்கொண்டுவிட்டான், மகாராஜா. மீதி பதினேழு நாளும் தங்களுக்காகத்தான் ஊதினேன்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடமே நழுவியது. தோளிலிருந்த பட்டுச் சால்வை புலவருக்கு, முதல் அதிரசம் இடியனுக்கு.