சங்கு வீட்டில் தங்க வந்தவள்

“நான் கட்டினது வீடுங்க, டீச்சர். ஊரே அதைச் சிற்பம்னு சொல்லுது. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்,” என்றார் அருணகிரி.

அருணகிரிக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய ஆசிரியை திலகவதிக்கு ஐம்பது. பாலங்கள் கட்டி அலுத்துப்போன பிறகு, சிற்பியான அந்த அம்மையாரிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார்.

“யாருகிட்டச் சொல்லணும்?”

“கட்டச் சொன்ன அறக்கட்டளைக்காரங்ககிட்ட.”

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் இலவசமாகத் தங்குவதற்கு ஓர் இடம் கேட்டிருந்தார்கள். அருணகிரி மூலையே இல்லாத கட்டடம் ஒன்றை எழுப்பினார். சங்கைப்போல் சுழன்று உள்ளே போகும் சுவர். அந்தச் சுவரே வளைந்து படுக்கும் மேடையாகும். மேடையே எழுந்து கூரையாகும். சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவைச் சேர்த்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து, முகம் தெரியும்படி மெருகேற்றியிருந்தார்.

பரிசு கிடைத்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

தங்குவதற்குத்தான் ஒருவரும் வரவில்லை.

“கல்யாண ஜோடிங்க வர்றாங்களாமே?”

“போட்டோ எடுக்க வர்றாங்க,” என்றார் அருணகிரி. “இந்த மாசத்துக்குள்ள ஆள் தங்கலைன்னா, சுத்திக் கயிறு கட்டி டிக்கெட் வெச்சிருவாங்களாம். ஆஸ்பத்திரிக்கு வந்த சனம் பிளாட்பாரத்துலயே படுத்துக் கெடக்கும். அதுக்கா கட்டினேன்?”

திலகவதி உளியும் சுத்தியலும் கிடக்கும் தம் தோள்பையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“வாங்க, பாக்கலாம்.”

ஆஸ்பத்திரி வாசல் குழாயடியில் ஒரு பெண் துண்டும் வேட்டியும் அலசிக்கொண்டிருந்தாள். பெயர் மாராயி என்றாள். கணவருக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

“ராத்திரி எங்க படுக்கறீங்க?” என்று கேட்டார் திலகவதி.

“இங்கதானுங்க, பிளாட்பாரத்துல.”

“எதுத்தாப்புல இவ்வளவு பெரிய இடம் இருக்கே?”

“ஒரு நாள் போனனுங்க.” மாராயி அருணகிரியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “செவுத்துல சாஞ்சு உக்காந்தேன். எண்ணெய்த் தலை பட்டா கறையாயிரும்னு இந்த ஐயாதான் சொன்னாருங்க.”

“நல்லவிதமாத்தானே சொன்னேன்?” என்றார் அருணகிரி.

“வையவே இல்லீங்க. தங்கமாத்தான் சொன்னாரு. நான்தான் எந்திரிச்சு வந்துட்டேன்.”

திலகவதி சிரிக்கவில்லை. “துணியை எடுத்துக்கிட்டு வாங்கம்மா,” என்று முன்னால் நடந்தார். மாராயி பின்னால் போனாள். அருணகிரியும் போனார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மாராயி ஈரத்துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிலும் படாமல் நடுவில் நின்றாள். தரையில் நீர் சொட்டியது. அருணகிரியின் கண் அந்தச் சொட்டுகளின் மேலேயே இருந்தது.

“துணி எங்க போடறது?” என்றார் திலகவதி.

அருணகிரி சுற்றிலும் பார்த்தார். வளைவு, அதற்குள் ஒரு வளைவு. ஒரு கொடி கட்ட அங்கே எதுவும் இல்லை.

திலகவதி பையிலிருந்து சுத்தியலையும் ஓர் ஆணியையும் எடுத்தார். சுவரில் மிக அதிகமாக மின்னிய இடத்தில் ஆணியின் நுனியை வைத்தார்.

“டீச்சர்!” அருணகிரி பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் அப்படிச் செய்ததில்லை. “பூச்சு பேந்துரும்!”

“பேந்தா?”

“என்ன இப்படிக் கேக்கறீங்க? இது என்ன, மத்த செவுரு மாதிரியா? இது ஒரு—”

வாய்வரை வந்த ‘சிற்பம்’ என்ற சொல்லை விழுங்கிக்கொண்டார்.

திலகவதி தம் கையை விடுவித்துக்கொண்டு, சுத்தியலையும் ஆணியையும் மேடையின் மேல் வைத்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

“எனக்காகச் சண்டை வேண்டாமுங்க,” என்றாள் மாராயி. “நான் ஆஸ்பத்திரி வேலியிலயே காயப்போட்டுக்கறேன்.” சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினாள்.

அருணகிரி ஆணியை எடுத்துச் சுவரில் வைத்தார். மறு கையில் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

“அம்மணி, கொஞ்சம் நில்லுங்க,” என்றார். “எவ்வளவு உயரத்துல வேணும்?”