இறகு ஊட்டிய குற்றம்

ஒரு காட்டுக் குளத்தில் நீராயி என்ற முக்குளிப்பான் இருந்தாள். முக்குளிப்பான் பார்க்க வாத்து மாதிரி இருக்கும். ஆனால் வாத்தைவிடச் சின்னது. ஆள் அரவம் கேட்டால் தண்ணீரில் முங்கிவிடும். நீராயிக்கு இரண்டு குஞ்சுகள். மூன்றாவது முட்டை என்ன ஆயிற்று என்று தண்ணீர்ப்பாம்பிடம் கேட்டால் அது வேறு பக்கம் பார்க்கும்.

நீராயி குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் நீந்துவாள். மீன் கொடுப்பதற்கு முன்னால் தன் மார்பிலிருந்து இறகைப் பிடுங்கி ஆளுக்கொன்று ஊட்டுவாள். அவளையும் அவள் அம்மா அப்படித்தான் வளர்த்தாள்.

இதைக் குயில் பார்த்துவிட்டாள்.

குயில்தான் அந்தக் குளத்தின் குழந்தைகள் நலக் குழுத் தலைவி. ஆறு முட்டை இட்டவள். ஆறையும் காக்கைக் கூட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தவள். ஒரு பிள்ளையின் வாயிலும் ஒரு புழு வைத்ததில்லை. அவளை எப்படித் தலைவியாக்கினார்கள் என்று கேட்காதீர்கள். மற்ற பறவைகளுக்குப் பிள்ளைக்கு இரை தேடவே பொழுது சரியாக இருந்தது. கமிட்டியில் உட்கார நேரம் உள்ளவள் இவள் ஒருத்திதான். குரலும் நன்றாக இருந்தது.

"என்னம்மா இது, பச்சப் புள்ளைக்கு இறகா குடுக்குற?" என்றாள் குயில்.

"ஆமாங்க. மொதல்ல இறகு, அப்புறம்தான் மீனு. எங்க வழக்கம்ங்க."

"வழக்கமாம் வழக்கம். புள்ளையப் பட்டினி போடுறதுக்கு இப்படி ஒரு பேரா?"

ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே இரண்டு நாரைகள் வந்து, நீராயியின் முதுகிலிருந்தே குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போயின. போகிற வழியில் குஞ்சுகளை விழுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகக் குழு நாரைகளுக்குப் பாராட்டுத் தீர்மானம் போட்டது. நீராயி கத்தினாள். முங்கிப் பார்த்தாள், எழுந்து பார்த்தாள். முதுகு லேசாக இருந்தது. அந்த லேசை அவளால் தாங்க முடியவில்லை.

குஞ்சுகளைக் கோரைப்புல்லுக்கு நடுவில் ஒரு காப்பகத்தில் வைத்தார்கள். வேளாவேளைக்கு மீன் கொடுத்தார்கள். இறகு மட்டும் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் குஞ்சுகள் வயிற்றைச் சுருட்டிக்கொண்டு படுத்துவிட்டன.

செய்தி கேட்டு நீராயி அரசரிடம் ஓடினாள். அரசர் ஓர் எருமை. சேற்றைவிட்டு அவரை எழுப்ப யாராலும் முடியாததால் அந்தப் பதவி அவரிடமே இருந்தது.

"ஐயா, என் புள்ளைங்களத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க."

"குழு முடிவு பண்ணிருச்சேம்மா. சட்டம்னா சட்டம்தான்."

"எந்தச் சட்டம்ங்க?"

எருமை கொஞ்ச நேரம் அசைபோட்டார். அப்படி ஒரு சட்டம் போடவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உடனே கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

குஞ்சுகளைத் தாமரை இலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் கண் திறக்கவில்லை.

"பாத்தீங்களா? இவ குடுத்த இறகு பண்ணின வேலை!" என்றாள் குயில்.

நீராயி எருமையின் முன்னால் போய் நின்றாள். "ஐயா, பேச்செல்லாம் அப்புறம். எனக்கு ஒரே ஒரு வாய் ஊட்ட விடுங்க. தப்பாப் போச்சுன்னா என்னைய இந்தக் குளத்த விட்டே துரத்துங்க."

நாரைகள் குறுக்கே வந்தன. "வழிய விடுங்கடா" என்றார் எருமை.

நீராயி இறகைப் பிடுங்கிப் பிடுங்கி ஊட்டினாள். கூட்டம் காத்திருந்தது. வெகுநேரம் கழித்து மூத்த குஞ்சு குமட்டிக்கொண்டு ஓர் இறகுப் பந்தைக் கக்கியது. பந்துக்குள் ஊசி ஊசியாக மீன்முள். பின்னாலேயே இளையதும் கக்கியது. பிறகு கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றது.

"நாங்க மீன முள்ளோட முழுங்குறவங்க" என்றாள் நீராயி. "முள்ளு வயித்தக் குத்தாம இருக்கத்தான் இறகு. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"நான் நல்ல எண்ணத்துலதான் செஞ்சேன்" என்றாள் குயில்.

கிளையிலிருந்த காக்கை எட்டிப் பார்த்தது. "உன் நல்ல எண்ணம் என் கூட்டுல இன்னும் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு. எப்பக் கூட்டிட்டுப் போற?"

குயிலுக்கு அவசர வேலை ஞாபகம் வந்தது. பறந்துவிட்டாள்.

எருமை அன்று உண்மையிலேயே ஒரு சட்டம் போட்டார். "பெத்தவங்ககிட்ட இருந்து புள்ளைய யாரும் பிரிக்கக் கூடாது. தீங்குன்னு தோணுச்சுன்னா இங்க வந்து எல்லார் முன்னாலயும் நிரூபிக்கணும். அதுவரைக்கும் புள்ளை பெத்தவங்ககிட்டயே இருக்கும்."

"பெத்தவனே நெசமாக் கொடுமை பண்ணினா?" என்று ஒரு தவளை கேட்டது.

"அதையும் இங்க வந்து காட்டு. அன்னைக்கே காப்பாத்திருவோம். ஆனா காட்டணும், சும்மா பாடக் கூடாது."

நீராயி தீர்ப்பை முழுவதும் கேட்கவில்லை. குஞ்சுகள் முதுகில் ஏறியதுமே முங்கிவிட்டாள்.

பெற்றவர்களைக் கேட்காமலும் தீங்கை நிரூபிக்காமலும் பிள்ளையைப் பறிப்பவர், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அந்தப் பிள்ளையைக் காப்பவர் ஆகமாட்டார்.