சிவப்பு மையில் ஏழு வட்டம்

ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளைப் பிரிண்டர் கறகறவென்று கக்கிய காலம் அது. அம்பத்தூரில் ஒரு சின்னக் கம்பெனி. கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஓடும் தகவல் பொட்டலங்களைப் பிடித்து, பிரித்து, படிக்கும்படி அச்சிடும் புரோகிராம் ஒன்று அங்கே இருந்தது. எழுதியவர் மேனேஜர் சந்தானகிருஷ்ணன். அதைச் சுத்தம் செய்ய வந்தவள் டிரெய்னி இசக்கியம்மாள்.

"என்னம்மா திருநெல்வேலி, குப்பையை மட்டும் எடு. அச்சுல ஒரு புள்ளி மாறினாலும் திங்கக்கிழமை நீ வர வேண்டாம்" என்றார்.

பதினான்கு இடத்தில் திரும்பத் திரும்ப எழுதியிருந்ததை அவள் ஒரே இடத்தில் எழுதினாள். வெள்ளிக்கிழமை, ஒரே பொட்டலங்களைப் பழைய புரோகிராமிலும் புதியதிலும் அச்சிட்டு, இரண்டு தாளையும் மேசையில் வைத்தாள்.

அவர் மேலே இருந்ததை இழுத்தார். "பாரு, முகவரி வரிசை கோணல். நேரம் பாதியில நிக்குது. கெடுத்து வச்சிருக்கே!" ஏழு இடத்தில் சிவப்பு வட்டம் போட்டார். குறுக்கே பேச அவளுக்குக் கூச்சம். முடிக்கும்வரை நின்றாள்.

"சார், அது உங்க பழைய புரோகிராம் அச்சடிச்சது."

இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புள்ளிமேல் புள்ளி உட்கார்ந்திருந்தது. பின்னால் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

"இந்த ஏழு தப்பையும் திருத்திடட்டுமா சார்? ஆனா புள்ளி மாறும். திங்கக்கிழமை வரட்டுமா, வேண்டாமா?"

"வாம்மா" என்றார், பேனாவை மூடிக்கொண்டே.

அந்தக் கறகறச் சத்தம் இப்போது எங்கும் கேட்பதில்லை. தாள் மட்டும் இசக்கியிடம் இருக்கிறது. சிவப்பு இன்னும் மங்கவில்லை.