நாலாவது பாட்டுக்கு எவ்வளவு ரத்தம்

ஞானதிரவியத்துக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய குருவுக்கு முப்பத்தெட்டு. குரு சீடரை "அண்ணாச்சி" என்று கூப்பிடுவார். சீடர் குருவை "டீச்சர்" என்பார். தூத்துக்குடியில் இதை யாரும் விநோதமாக எடுத்துக்கொள்வதில்லை.

எஸ்கலின் டீச்சர் வாரநாளில் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார், சனி ஞாயிறில் நாடகம் போடுவார். அவரே எழுதி மெட்டும் போட்ட 'வெள்ளை அம்பாரம்' என்ற பாட்டு நாடகம் அந்த வட்டாரத்தில் ரொம்பப் பிரசித்தம். உப்பளத்தில் வேலை பார்க்கும் பேச்சி என்கிற பெண், தன் தங்கையின் சாவுக்குக் காரணமான நான்கு கங்காணிகளை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டி உப்புக் குவியலுக்குள் புதைக்கிற கதை. ஒரு கொலைக்கு ஒரு பாட்டு. கொலைப் பாட்டுத்தான், ஆனாலும் கேட்டவர்கள் வாய் சும்மா இருக்காது. வீடு போய்ச் சேரும் வரை முணுமுணுத்துக்கொண்டே போவார்கள். மேடையில் ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. விளக்கு அணையும், பாட்டு மட்டும் கேட்கும்.

இருபது வருஷம் சென்னையில் உதவி இயக்குநராக அலைந்து நாக்குத் தள்ளி ஊர் திரும்பிய ஞானதிரவியம், டீச்சரிடம் ஆறு வருஷம் பாட்டும் நடிப்பும் படித்தார். இப்போது அந்த நாடகத்தைத்தான் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய முதல் படம். இதை விட்டால் இன்னொன்று கிடைக்கும் என்று நினைக்கிற அளவுக்கு அவர் விவரமில்லாதவர் அல்ல.

டீச்சர் போட்டது ஒரே நிபந்தனை. நாலாவது பாட்டை எடுக்கும்போது அவர் பக்கத்தில் இருப்பார். பிடிக்கவில்லையென்றால் அந்தப் பாட்டு படத்தில் வராது. நாலாவது பாட்டு இல்லையென்றால் கதைக்கு முடிவே இல்லை, படமும் இல்லை.

முதல் மூன்று பாட்டையும் ஞானதிரவியம் ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தார். வெள்ளை உப்பில் சிவப்பு விழுந்தால் கண்ணைப் பறிக்கிறது என்று ஒளிப்பதிவாளர் ஏற்றிவிட, முதல் கொலைக்கு ஒரு செம்பு ரத்தம், இரண்டாவதற்கு இரண்டு செம்பு, மூன்றாவதற்கு மூன்று என்று போயிருந்தது. எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது ஞானதிரவியத்துக்குப் பயமும் வரவில்லை, பரிதாபமும் வரவில்லை. தர்பூசணி சாப்பிட வேண்டும் போலிருந்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது பாட்டு எடுக்கிற அன்று காலையில் டீச்சர் ஸ்கூட்டரில் உப்பளத்துக்கு வந்தார். சீனிப்பாகில் காய்ச்சிய ரத்தம் ஒரு நீல டிரம் நிறைய இருந்தது. உப்பளத்துக்காரர் நான்கு மணி வரைதான் இடம் கொடுத்திருந்தார். அதற்குமேல் லாரி வந்து உப்பு அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஞானதிரவியம் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். "டீச்சர், எவ்வளவு ரத்தம் வேணும்?"

டீச்சர் டிரம்மை எட்டிப் பார்த்தார்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"இருபது லிட்டர்."

"எல்லாத்தையும் ஊத்துங்க அண்ணாச்சி."

ஒளிப்பதிவாளருக்கு வாயெல்லாம் பல். ஞானதிரவியத்துக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. குருவே சொன்ன பிறகு என்ன யோசனை என்று, கைவசம் இருந்த குழாய்களை எல்லாம் இழுத்துக் கட்டச் சொன்னார்.

கங்காணி சாகிறதைத் தூரத்திலிருந்து பார்த்து நடுங்கிப்போகிற கூட்டம் ஒன்று அந்தக் காட்சியில் உண்டு. அதற்கு நிஜமாகவே அந்த உப்பளத்தில் வேலை பார்க்கிற பன்னிரண்டு பெண்களை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி சண்முகக்கனி. ஐம்பது வயது இருக்கும், வாய் மட்டும் இருபது வயதுக்காரிக்கு உள்ளது.

பாட்டு ஒலித்தது. பேச்சியாக நடித்த பெண் உப்பு வாரும் பலகையை ஓங்கினாள். கங்காணியின் கழுத்திலிருந்து ரத்தம் கிளம்பியது பாருங்கள், அடைப்பு எடுத்த குழாய் தோற்றது. உப்புக் குவியல் சிவந்தது, பாத்தித் தண்ணீர் சிவந்தது, ஒளிப்பதிவாளரின் தொப்பியும் சிவந்தது. செத்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி செத்தார்.

நடுங்க வேண்டிய பன்னிரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்முகக்கனி முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

ஞானதிரவியம் கோபமாகப் போய் என்ன சிரிப்பு என்று கேட்டார்.

"கோவப்படாதீங்க சார். எங்க கோயில் கொடைக்குக் கெடா வெட்டுதோம்ல, அதுக்குக்கூட இவ்வளவு வந்ததில்ல. இவரு ஒத்த ஆளு."

மறுபடி சிரிப்பு. அவருக்கும் சிரிப்பு வந்தது, அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. டீச்சரிடம் திரும்பி வந்தார். டீச்சர் குடையைப் பிடித்தபடி நின்றார்.

"நீங்கதானே டீச்சர் ஊத்தச் சொன்னீங்க?"

"ஆமா. இப்ப ஒண்ணுமில்லாம எடுங்க."

எல்லாவற்றையும் கழுவி, வேறு குவியலுக்கு மாறி, கங்காணிக்கு வேறு சட்டை போட்டு, மறுபடி எடுக்க ஒரு மணி ஆகிவிட்டது. இந்த முறை பலகை ஓங்கியதும் கங்காணி சத்தமில்லாமல் சரிந்தார். சட்டை வெள்ளையாக இருந்தது, உப்பு வெள்ளையாக இருந்தது. எல்லாம் நாகரிகமாகத்தான் இருந்தது. வெளிநாட்டு விழாவில் கை தட்டுவார்கள் என்று ஞானதிரவியம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெண்கள் சிரிக்கவில்லை. நடுங்கவும் இல்லை. சண்முகக்கனி நாலடி முன்னால் வந்து அக்கறையாகக் கேட்டாள்.

"என்ன சார், வெயிலு தாங்காம மயக்கம் போட்டுட்டாவளா? சோடா வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

மணி ஒன்றரை ஆகியிருந்தது. இருபது லிட்டர் ஊற்றினால் சிரிக்கிறார்கள், ஊற்றாவிட்டால் சோடா கேட்கிறார்கள். நடுவில் பத்து லிட்டரா, ஐந்தா என்று ஞானதிரவியம் கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து லிட்டருக்குப் பாதிச் சிரிப்பு வரும் என்று தோன்றியது. இருபத்தாறு வருஷத்து ஆசை கண்ணெதிரே உப்புத் தண்ணீரில் கரைகிறது என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை.

"எனக்குத் தெரியல டீச்சர். நீங்களே சொல்லிடுங்க. எவ்வளவு?"

டீச்சர் குடையை மடக்கினார்.

"நான் பாடுதேன் அண்ணாச்சி. பேச்சி நடந்து வருவாள்ல, அந்த நடையை நீங்க நடந்து காட்டுங்க."

"நானா?"

"நாடகத்துல நீங்கதானே எல்லாருக்கும் அந்த நடையைச் சொல்லிக்கொடுத்தீங்க. பேச்சி ஷூ போட்டிருப்பாளா?"

ஞானதிரவியம் குனிந்து பார்த்தார். முட்டி வரைக்கும் ரப்பர் ஷூ. இரண்டு மாதமாக உப்பளத்தில் படம் எடுக்கிறார், ஒரு நாளும் அதைக் கழற்றியதில்லை. யாரையும் கழற்ற விடவும் இல்லை. பேச்சியாக நடிக்கும் பெண்ணுக்குக்கூடத் தோல் நிறத்தில் காலுறை தைத்துக் கொடுத்திருந்தார்கள். உப்பை மிதிக்காமல் உப்பளத்தைப் படமெடுத்த கூட்டம் அது.

ஷூவைக் கழற்றினார். டீச்சர் பாடத் தொடங்கினார். வாத்தியம் எதுவும் இல்லை, வெறும் குரல். உப்புக் காற்றில் அது தெளிவாகப் போனது. ஞானதிரவியம் இடுப்பில் கை வைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, பேச்சியின் அந்த அலட்சியமான நடையில் பாத்திக்குள் இறங்கினார். மேடைப் பலகையில் நூறு தடவை நடந்த நடை. உப்பு மேல் மூன்றாவது அடியிலேயே குதிகாலில் சுருக்கென்றது. நான்காவது அடி உப்புத் தண்ணீரில் விழுந்தது.

"யாத்தே!"

பாட்டு நின்றது. ஞானதிரவியம் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். குதிகாலில் கடுகளவு ரத்தம். அதற்குள் உப்பு ஏறி, உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"ஸ்ஸ்..." என்றொரு சத்தம். பன்னிரண்டு பேரும் சேர்ந்து மூச்சை உள்ளே இழுத்த சத்தம் அது. அவர் திரும்பிப் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. இருபத்து நான்கு பாதங்களும் விரலை மடக்கிக்கொண்டிருந்தன.

சண்முகக்கனி ஓடி வந்து அவரை வரப்பில் உட்கார வைத்தாள். நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, தேங்காய் எண்ணெய் தடவி, முந்தானை நுனியால் அழுத்திப் பிடித்தாள். இத்தனை நேரம் சாரைக் கேலி செய்தவள் இப்போது பிள்ளைக்குச் சொல்வது போல ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் காலைத் தூக்கிக் காட்டினார்கள். இது போன பங்குனியில் கிழித்தது, இது கல்யாணமான புதிதில், இது ஆறவே ஆறாதது என்று ஒரே போட்டி. யாருடைய வடு பெரிது என்பதில் இரண்டு பேருக்குச் சண்டையே வந்தது. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்த சிரிப்பு இல்லை இது. ஞானதிரவியமும் வலியோடு சேர்ந்து சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் மனம்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார்.

நொண்டிக்கொண்டே போய் வேலையை ஆரம்பித்தார். கங்காணி தப்பித்து ஓடும்போது ஒரு ஷூ சேற்றில் மாட்டிக் கழன்றுவிட வேண்டும். வெறுங்கால் உப்பில் சறுக்கித் தேய வேண்டும். குதிகாலில் ஒரு கோடு. அந்தக் கால் உப்புத் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பேச்சி அவசரப்படாமல் பாடிக்கொண்டே வருவாள், பலகையை ஓங்குவாள். பலகை விழுகிற இடம் படத்தில் தெரியாது, விழுகிற நேரத்தில் அந்தக் கால்தான் தெரியும். ஒப்பனைக்காரர் டிரம்மைக் கவிழ்த்து மிச்சத்தில் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். ஒரு தேக்கரண்டி என்றார் ஞானதிரவியம்.

மூன்றேகால் மணிக்கு எடுத்தார்கள். ஒரே தடவைதான். கங்காணியின் குதிகால் உப்பில் இழுபட்டபோது, நடுங்குங்கள் என்று யாரும் சொல்லாமலே பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கங்காணி கெட்டவன் என்று தெரிந்தும் சண்முகக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். ஒளிப்பதிவாளர் முடிந்தது என்று சொல்ல மறந்து போனார்.

லாரி வந்தது. ஒப்பனைக்காரர் இன்னொரு பாத்திரத்தில் தனியாக வைத்திருந்த சிவப்புச் சீனிப்பாகில் தண்ணீர் விட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து எல்லோருக்கும் கொடுத்தார். கொலை செய்தவளும் செத்தவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து குடித்தார்கள். எல்லோருக்கும் உதடு சிவப்பு.

ஞானதிரவியம் தம்ளரோடு டீச்சர் பக்கத்தில் போய் நின்றார்.

"பாட்டு படத்துல இருக்கா டீச்சர்?"

"கால் ஆறட்டும் அண்ணாச்சி. மத்த மூணு பாட்டையும் திரும்ப எடுக்கணும்ல."

ஞானதிரவியத்துக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். டீச்சர் வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். ஒளிப்பதிவாளர் மட்டும் தலையில் கை வைத்தார்.

ஆனாலும் ஒரு சந்தேகம் ஞானதிரவியத்தை விடவில்லை. ஸ்கூட்டர் வரைக்கும் டீச்சர் பின்னாலேயே நொண்டிக்கொண்டு நடந்தார்.

"டீச்சர், இவங்க உப்புல நிக்கிறவங்க. பார்த்ததும் பதறிட்டாங்க. எங்கேயோ குளுகுளுன்னு தியேட்டர்ல பாப்கார்னோட உக்காந்திருக்கான் பாருங்க, அவன் உப்பளத்தையே பார்த்திருக்க மாட்டான். அவனுக்கு எவ்வளவு காட்டணும்?"

எஸ்கலின் டீச்சர் வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஷூவுக்குள்ள அவன் கால் விரலு மடங்குத வரைக்கும்."