மந்தியின் கண்ணில் கேட்ட குரல்

கருங்குளக் கரையில் நாரை ஒன்று கண் வைத்தியம் செய்துவந்தது. கண்ணில் படர்ந்த புரையைத் தன் கூர் அலகால் கீறி எடுப்பதில் அந்தக் காட்டில் அதற்கு நிகரில்லை. ஒவ்வொரு முறையும் அலகை வெந்நீர்ச் சுனையில் முக்கி, மனத்துக்குள் நூறு எண்ணும். நோயாளியின் கண்ணைச் சுற்றிக் கசப்புப்பட்டைக் கஷாயத்தால் கழுவும். அதன் பிறகே கீறும்.

ஒருநாள் அழுகிய பலாவில் பூத்த நீலப் பூஞ்சையிலிருந்து அது ஒரு சாறு வடித்தது. சாறு பட்டதும் சேற்று நுண்ணுயிர்கள் கூண்டோடு மடிந்தன. நாரைக்குத் தலைகால் புரியவில்லை. தும்மிய முயலுக்கும் சாறு, விக்கிய தவளைக்கும் சாறு!

"ஐந்து நாள் குடிக்கச் சொன்னேனே, குடித்தாயா?" என்று முயலைக் கேட்டது.

"இரண்டே நாளில் தும்மல் நின்றுவிட்டது, அக்கா! மிச்சத்தைக் குளத்தில் கொட்டிவிட்டேன்."

"போகட்டும், நிறைய இருக்கிறது!"

சாறு இருக்கும்போது அலகை எதற்கு வேகவைப்பது? நாரை சுனைப் பக்கமே போவதை விட்டுவிட்டது. அந்தக் குளத்துச் சேற்றில்தான் அது நாளெல்லாம் மீன் கொத்தியது.

இரு கண்ணும் மங்கிய மந்தி ஒன்று குட்டியை மார்பில் அணைத்தபடி வந்தது.

"பிறந்து இரண்டு மாதமாகிறது. இதன் முகத்தைத் தடவித்தான் பார்த்திருக்கிறேன், அம்மா! ஆமாம், அலகைக் கழுவினாயா? சுனையில் சத்தமே கேட்கவில்லையே!"

"வைத்தியம் பார்ப்பது நீயா, நானா? சாறு இருக்கிறது. பேசாமல் படு!"

வலக்கண்ணைக் கீறிச் சாற்றை விட்டு அனுப்பியது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் மந்தி திரும்பி வந்தது. காற்று நின்றிருந்தது. தவளைகள் வாய் திறக்கவில்லை. கீறிய கண் வெளுத்து வீங்கியிருந்தது.

"உள்ளே யாரோ பேசுகிறார்கள்" என்றது மந்தி.

நாரை செவியைச் சாய்த்தது. ஆயிரம் குரல்கள், ஒரே சுருதியில், மிக அமைதியாகப் பேசின.

"உன் அலகில் ஏறித்தான் வந்தோம்."

பதறிய நாரை சாற்றை ஊற்றியது. குரல்கள் சிரித்தன.

"இன்னும் ஊற்று! குளத்தில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தோம். எங்களில் இளைத்தவர்கள் செத்தார்கள். தாங்கியவர்கள் பெருகினோம்."

இருந்த சாறு முழுவதும் தீர்ந்தது. அந்தி சாய்வதற்குள் கண் அவிந்தது.

மந்தி அழவில்லை. புண் ஆறும்வரை காத்திருந்து மறுபடி வந்தது.

"இன்னும் ஒரு கண் இருக்கிறது. அலகைச் சுனையில் வை. இந்த முறை எண்ணப்போவது நான்!"

நாரை தலைகுனிந்து அலகை முக்கியது. மந்தி எண்ணியது. தொண்ணூறைத் தொட்டபோது, குளத்துச் சேற்றிலிருந்து குரல்களும் சேர்ந்து எண்ணத் தொடங்கின. பிறகு குழைந்தன.

"போதுமே, அக்கா! அலகு வேகிறதே!"

நாரை அசையவில்லை.

"நூறு!" என்றது மந்தி.

கஷாயத்தால் கண்ணைச் சுற்றிக் கழுவிய பின் நாரை கீறியது. சேறு ஒருமுறை குமிழியிட்டு அடங்கியது.

கட்டவிழ்த்த நாளில் மந்தி குட்டியை வெயிலில் தூக்கிப் பார்த்தது.

"அட, அப்பனின் அதே சப்பை மூக்கு!"

நாரை சிரிக்கவில்லை. சேற்றுக்குள் இன்னும் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கழுவ வேண்டிய இடத்தில் சோம்பி, மருந்தைக் கண்டபடி இறைப்பவர், மருந்து வேண்டிய வேளையில் வெறுங்கையோடு நிற்பார்.